நாலாம் சனிக்கிழமை அரிசி

புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளில் நான் அரிசி எடுப்பேன். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் சத்தியவேடு பக்கத்தில் இதைச் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நெற்றியில் நாமம் போட்டு, பித்தளைச் செம்புக்கும் நாமம் போட்டு, அதன் கழுத்தில் துளசியைச் சுற்றி, அடுத்தவர் வாசலில் போய் நின்று "கோவிந்தா" என்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு பிடி பச்சரிசி போடுவார். அவருக்கு ஒரு துளசி இலையைக் கொடுத்து, உங்க வூடு நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். அந்த அரிசியை அன்றைக்கே பொங்கிப் பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் வாயில் சோறு படலாம். அதுவரை தண்ணீர்தான். கடையில் வாங்கிய அரிசி ஆகாது. சொந்த வீட்டு அரிசியும் ஆகாது. படிக்கு வெளியே நின்று அந்நியர் கையால் வாங்கினால்தான் செல்லும்.

இந்த வேண்டுதல் என் மகனுக்காக வைத்தது. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை. நான் வெளியே வந்து மலையைப் பார்த்து நின்று, இவனைக் கொடுத்துவிடு, என் உயிர் இருக்கிற வரைக்கும் உன் பேரைச் சொல்லிக் கையேந்துகிறேன் என்றேன். கொடுத்துவிட்டார். மறு வருஷம் நான் செம்போடு புறப்பட்டபோது, எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த அவனே எங்கள் வீட்டுப் படியில் நின்று கை நிறைய அரிசியை நீட்டினான். நம்ம வூட்டு அரிசி ஆவாது கண்ணு என்று சொல்லி அதைப் பானையில் திரும்பப் போடச் சொன்னேன். அழுதுகொண்டே போட்டான்.

கையேந்துவது எங்கள் குடும்பத்தில் புதிதில்லை. என் நைனா காலத்தில் எங்களுக்குக் கையகல நிலம்கூடக் கிடையாது. அவர் பெரிய வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று கூழ் வாங்கி வருவார். அது சாமிக்காக இல்லை, எங்கள் வயிற்றுக்காக. பிறகு கொஞ்சம் நிலம் வந்தது. நான் வேர்க்கடலை போட்டேன், கம்பெனியில் தோட்ட வேலைக்கும் போனேன், மகனைப் படிக்க வைத்தேன். அவன் விசாகப்பட்டினத்தில் வேலைக்குச் சேர்ந்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அவர்களிடம் எங்களைத் திருப்பதிக்காரர்கள், விவசாயக் குடும்பம் என்று சொல்லியிருந்தான். பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருஷம் அங்கே வீடு வாங்கினான். புரட்டாசியில் வீடு குடிபோகக் கூடாதே என்றேன். அவர்களுக்கு அது ஆசுவீஜ மாதமாம், தசரா நாளாம், அதைவிட நல்ல நாள் கிடையாதாம். சரி என்று நானும் என் மனைவியும் ரயில் ஏறினோம். பையில் செம்பு இருந்தது, துளசி ஈரத்துணியில் இருந்தது. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். மறுநாள் நாலாம் சனிக்கிழமை. சம்பந்தி எங்களுக்கு ஊர் சுற்றிக்காட்ட அந்த நாளைத்தான் பிடித்திருந்தார். எங்களுக்காகவே தனி வண்டி, தனி கைடு.

சனிக்கிழமை காலையில் குளித்து நாமம் போட்டுச் செம்போடு கதவைத் திறந்தேன். எதிர் வீட்டுக் கதவுக்கு நாலடி கூட இல்லை. மகன் பின்னால் வந்து கையைப் பிடித்தான்.

"இங்க வேணாம் நைனா. நேத்துதான் குடி வந்துக்கிறோம். நாளைக்கு எம்மூஞ்சிய எப்பிடிப் பாப்பாங்க?"

"ஒரு பிடி அரிசிடா. ரெண்டு வூட்ல கேட்டுட்டு வந்துடறேன்."

"பீச்சாண்ட பழைய வூடுங்க நெறைய கீது. கைடுகிட்ட சொல்லி வண்டிய நிறுத்தச் சொல்றேன். அங்க எடுத்துக்கோ. மாமா எதுனா கேட்டா வயிறு சரியில்லன்னு சொல்லு."

நாமத்தையும் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னான். என் மனைவி முந்தானையை நனைத்து ஓரங்களைத் துடைத்துவிட்டாள். செம்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

சம்பந்தி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உடம்பு, நல்ல குரல். சம்பந்திகள் ஒருவரையொருவர் பாவகாரு என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம், அப்படித்தான் என்னை அழைப்பார். அவர் மனைவியும் வந்திருந்தார். கைடு முப்பது வயதுக்காரன். வண்டிக்குள் இருந்தது நாங்கள் ஆறு பேர்தான், ஆனாலும் இடுப்பில் ஒரு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மைக்கில்தான் பேசினான். எல்லாம் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனால் அது எங்கள் எல்லைத் தெலுங்கு. நான் வாயைத் திறந்ததும் அவன் மைக்கை நிறுத்திக் கேட்டுவிட்டு, திரும்ப மைக்கைப் போட்டு, பெரியவர் பேசுவது தெலுங்குதான், யாரும் பயப்பட வேண்டாம் என்றான். சம்பந்தி தொடையைத் தட்டிச் சிரித்தார். மகனும் சிரித்தான்.

திருப்பதி என்றதும் கைடுக்குத் தரிசன டிக்கெட் ஞாபகம் வந்துவிட்டது. ஏழுமலையான் காலடியிலேயே இருக்கிறீர்கள், எனக்கு ஒரு டிக்கெட் வாங்கித் தர முடியாதா என்று கேட்டான். நாங்களே தர்ம தரிசனத்தில்தான் நிற்கிறோம் என்றேன். அப்புறம் என்ன திருப்பதிக்காரர் என்றான்.

முதலில் மலைக்குக் கூட்டிப்போனான். மேலே சிவன் பார்வதி சிலை பெரிதாக இருந்தது, கீழே கடல். நான் கடலை அவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்ததில்லை. கும்பிட்டேன். கைடு என் நாமத்தைக் காட்டி, பெரியவரைச் சிவன் பக்கத்தில் நிறுத்துங்கள், சைவமும் வைஷ்ணவமும் ஒரே போட்டோவில் வரட்டும் என்றான். நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.

இறங்கி வரும்போது டிபன் கடை. எல்லோரும் தின்றார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று மகன் சொன்னான். சம்பந்தி விடவில்லை, கடையில் இருந்து சோடா வாங்கி உப்புப் போட்டு, நுரை அடங்குவதற்குள் குடிக்கச் சொன்னார். உப்புப் போட்டால் விரதம் போய்விடுமே என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகன் எங்கோ பார்த்தான். என் மனைவி தனக்குத் தாகம் என்று சொல்லி அதை வாங்கிக் குடித்தாள். அவளுக்கு ஏப்பம் வந்தது. கைடு மைக்கில், வயிறு பெரியவருக்கா பெரியம்மாவுக்கா என்றான்.

மத்தியானம் மீன் சாப்பாட்டுக் கடை. எங்களுக்குப் புரட்டாசி முழுக்கக் கவிச்சி ஆகாது. சம்பந்திக்குத் திங்கட்கிழமைதான் ஆகாதாம். மருமகள் எனக்குத் தயிர்ச்சோறு சொல்லட்டுமா என்று தனியாக வந்து கேட்டாள். நல்ல பெண். வேண்டாம் அம்மா என்றேன். வெளியே பெஞ்சியில் உட்கார்ந்தேன். வெயிலில் கண் இருட்டியது. மகன் கை கழுவ வந்தபோது, எப்போதுடா நிறுத்துவாய் என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறு நைனா. ஒரு நாளைக்கி நீ அரிசி எடுக்கலன்னா சாமி இன்னா ஒதைக்கவா போவுது?"

அவன் பிழைத்ததற்காக எடுக்கிற அரிசி அது. அவனிடம் அதை எப்படிச் சொல்வது.

அதற்குப் பிறகு நானே கைடிடம் தனியாகக் கேட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டான். இவ்வளவுதானா, கடையில் ஒரு கிலோ வாங்கி உங்கள் செம்பில் கொட்டிவிடுகிறேன் என்றான். கடை அரிசி ஆகாது என்றேன். அப்படியானால் எனக்கு நேரமில்லை என்றான். நரசிம்மர் கோயில் இருக்கிற மலைக்காவது போவோமா என்றேன். சனிக்கிழமை கூட்டம், அதை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள் என்றான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தபோது கடற்கரைக்கு வந்தோம். அங்கே ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பலைக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க வரிசை நீளமாக இருந்தது. சம்பந்தியும் அவர் மனைவியும் டிக்கெட் வாங்கப் போனார்கள். நான் வண்டியில் படுத்திருப்பதாக மகன் அவர்களிடம் சொல்லிவிட்டான். பிறகு என்னிடம் வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து இருக்கிறது, சீக்கிரம் போய்விட்டு வா, எங்க பேர மட்டும் சொல்லாத என்றான்.

சந்துக்குள் மீன்காரர்கள் வீடுகள். ஓட்டு வீடும் மாடி வீடும் கலந்து நெருக்கமாக இருந்தன. முதல் வாசலில் கோவிந்தா என்றேன். உள்ளே இருந்தபடியே சில்லறை இல்லை என்றார்கள். அடுத்த வாசலில் ஒரு அம்மா வெளியே வந்து என்னையும் செம்பையும் பார்த்தார். ஹரிதாசு சங்கராந்திக்குத்தானே வருவார், நீ என்ன தசராவுக்கு வந்திருக்கிறாய் என்று தெலுங்கில் கேட்டார். அந்தப் பக்கத்தில் தை மாதம் தலையில் பாத்திரம் வைத்துப் பாடிக்கொண்டு வருகிறவர் ஹரிதாசு, அவருக்கு அரிசி போடுவார்கள். நான் எங்கள் ஊரையும் வேண்டுதலையும் சொன்னேன். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரு, கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனார். அரிசிப் பானை மூடி திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போதுதான் இரண்டு பையன்கள் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். யார் நீ, எந்த ஊர் என்றார்கள். சொன்னேன். என் பேச்சைக் கேட்டதும் ஒருத்தன் மற்றவனிடம், அரவோடு என்றான். தமிழனை அப்படித்தான் சொல்வார்கள். சாமியார் வேஷத்தில் வந்து வீட்டை நோட்டம் பார்க்கிற கும்பல் ஒன்று அரவ நாட்டில் இருந்து இறங்கியிருப்பதாக அவர்கள் போனில் செய்தி வந்திருந்ததாம். செம்பைப் பிடுங்கி உள்ளே பார்த்தார்கள். துளசி இருந்தது. தனியாகவா வந்தாய் என்றார்கள். இல்லை, என் பிள்ளை அதோ வரிசையில் நிற்கிறான் என்றேன். பேரைத்தான் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கை நிறைய அரிசியோடு படியில் நின்றுகொண்டிருந்தார்.

வரிசையில் என் மகன், மருமகள், என் மனைவி, பக்கத்தில் கைடு. கூட்டம் திரும்பிப் பார்த்தது. நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எட்டத்தில் சம்பந்தி டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார், அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஐஸ் வண்டி. பையன் மரியாதையாகத்தான் கேட்டான், சார், இந்த ஆள் உங்கள் ஆள் என்கிறான், அப்படியா என்று.

மகன் என்னைப் பார்த்தான். பிறகு சம்பந்தி வருகிற பக்கம் பார்த்தான்.

"மாவாடு காதண்டி," என்றான். எங்க ஆள் இல்லீங்க.

தமிழில் காது என்றால் கேட்பதற்கு இருப்பது. தெலுங்கில் காது என்றால் இல்லை என்று அர்த்தம். சின்ன வயசில் இருந்து இரண்டு பாஷையும் பேசுகிறேன், அன்றைக்கு வரைக்கும் இரண்டும் குழம்பியதில்லை.

என் மனைவி வாயைத் திறந்தாள். மகன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான், அவள் மூடிக்கொண்டாள். மருமகள் தரையைப் பார்த்தாள். ஒருத்தன் என்னைக் கன்னத்தில் அடித்தான். நாமம் கண் வரைக்கும் வழிந்தது. இரண்டாவது அடி விழுவதற்குள் கைடு வந்தான். பைத்தியக்காரன், விடுங்கள் தம்பி, இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். காலையில் இருந்து எல்லோர் முன்னாலும் அவன் மைக்கில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. செம்பை என் கையில் திணித்து விட்டுவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் தான் தின்றுகொண்டிருந்த சோளக்கதிரைச் செம்பில் வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய அம்மா அவளைத் தட்டிக்கொடுத்தாள்.

கைடு என்னை வண்டியில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டினான். போவதற்கு முன் கண்ணாடி வழியாக, உங்கள் மகனுக்கு நல்ல தெலுங்கு பெரியவரே, ஒரு இடத்திலும் அரவ வாசனை இல்லை என்றான். வழிந்த நாமத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் கப்பலைப் பார்த்துவிட்டு வருகிற வரைக்கும் உள்ளே இருந்தேன். சோளத்தை வெளியே போட முடியவில்லை, கண்ணாடி இறங்கவில்லை.

திரும்புகிற வழியில் சம்பந்தி கப்பலுக்குள் மாலுமிகள் எப்படிப் படுத்திருப்பார்கள் என்று எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார். வயிறு எப்படி இருக்கிறது பாவகாரு என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அவர்களை அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு எங்கள் பக்கம் வந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அடி பட்ட இடம் வலிக்கவில்லை. நாலாம் சனிக்கிழமை முடியப்போகிறது, செம்பில் ஒரு அரிசி இல்லை. அதுதான் மனசில் இருந்தது. அத்தனை வருஷத்தில் ஒரு தடவை தவறியதில்லை. மழையில் எடுத்திருக்கிறேன், நைனா செத்த வருஷம் தீட்டு கழிந்த மறுநாள் எடுத்திருக்கிறேன்.

யோசித்துக்கொண்டே வந்தேன். வண்டியை விட்டு இறங்கும்போது எனக்கு வழி தெரிந்துவிட்டது.

லிப்ட்டில் மேலே வந்ததும் மூன்று பேரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. வெளிக் குழாயில் முகம் கழுவி, செம்பைக் கழுவி, பையில் இருந்த நாமக்கட்டியை உரைத்துப் பெரிதாக நாமம் போட்டுக்கொண்டேன். புதுப் படியில் முந்தைய நாள் மஞ்சள் காயாமல் இருந்தது. படிக்கு இந்தப் பக்கம் நின்று மணியை அழுத்தினேன். மகன் கதவைத் திறந்தான்.

"கோவிந்தா," என்றேன்.

"உள்ள வா நைனா."

"கோவிந்தா."

எதிர் வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவன் அதைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நம்ம வூட்டு அரிசி ஆவாதுன்னு நீதான சொல்லுவ? சின்னப் புள்ளைல நான் குடுத்ததத் திருப்பிப் போடச் சொன்னவன் நீ. இப்ப வந்து நின்னுக்கினு இன்னா கேக்கற?"

"எங்க வூட்டு அரிசிதாங்க ஆவாது," என்றேன். "இது எங்க வூடு இல்லீங்களே. நான் உங்க ஆளு இல்லீங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

நான் அவனை ஒரு நாளும் நீங்க என்று சொன்னதில்லை. அந்நிய வாசலில் அப்படித்தான் பேச வேண்டும், அதனால் பேசினேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே இருந்து என் மனைவி, "போதும் வுடு, அவன் செத்துருவான் போலக்கீது," என்றாள். நான் செம்பை இறக்கவில்லை. மருமகள்தான் சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் அரிசி கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் போட்டான். பாதி செம்பில் விழுந்தது, பாதி படியில் விழுந்தது. படியில் விழுந்தது கணக்கில்லை. உள்ளே விழுந்தது போதும்.

துளசி இலையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"உங்க வூடு நல்லா இருக்கணுங்க. உங்க அப்பா அம்மா நல்லா இருக்கணும்."

வாங்கியான பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவன் அப்பாவாகத்தான் போனேன். என் மனைவி அந்த அரிசியைக் களைந்து பொங்கினாள். பெருமாள் படத்துக்கு முன்னால் படைத்துக் கற்பூரம் காட்டி எல்லோரும் விழுந்து கும்பிட்டோம், அவனும் கும்பிட்டான். பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனான். குழாய் வெகுநேரம் ஓடியது. நான் சாப்பிட்டேன். நல்ல பசி. சோறு கொஞ்சம் குழைந்திருந்தது.

ஊர் திரும்புகிற ரயிலில் என் மனைவி என்னோடு பேசவில்லை. கூடூர் தாண்டிய பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்.

"அந்த அரிசிய சாமி ஏத்துக்கிச்சா?"

ஏற்றுக்கொண்டார் என்றேன். எனக்கு அதில் சந்தேகமில்லை. விதிப்படி வாங்கிய அரிசி.

"அப்ப சரி," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த வருஷம் புரட்டாசி முதல் சனிக்கிழமை எங்கள் தெருவிலேயே எடுத்தேன். வாசலுக்கு வாசல் போட்டார்கள், செம்பு நிறைந்துவிட்டது. படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது மகன் போன் செய்தான். முன்பெல்லாம் அந்த நாளில் செய்ய மாட்டான். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்திருந்தாள்.

"அரிசி கெடச்சுதா நைனா?" என்றான்.

"கெடச்சுதுங்க," என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில் இருந்து வாசல் வாசலாக அப்படிப் பேசிக்கொண்டு வந்த வாய். அந்தப் பக்கம் அவன் போனை வைக்கவில்லை. மூச்சு விடுவது கேட்டது. என் மனைவி ஸ்பீக்கரை நிறுத்தி, போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள்.